அறுந்த வயர் ஏன் ஐந்து வோல்ட் காட்டுகிறது?

ஜொகூரின் லாயாங் லாயாங் ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் மண்வாரி இயந்திரம் இல்லாமல் இன்று மறுநடவு கிடையாது. இருபத்தைந்து வயதைத் தொட்ட மரங்களைச் சாய்ப்பதும், எரிக்காமல் தண்டுகளைச் சீவித் துண்டாக்கி மண்ணிலேயே மட்க விடுவதும், கனோடெர்மா பூஞ்சை பிடித்த அடிக்கட்டையைத் தோண்டி எறிவதும், கான் வெட்டுவதும் அதன் வேலை. குளுவாங்குக்கும் கூலாய்க்கும் இடையில் இந்த ஊரைத் தொட்டுச் செல்லும் கிம்மாஸ்–ஜொகூர் பாரு மின்சார இரட்டை ரயில் பாதைக்கு 2018இல் மண்வேலை தொடங்கியபோதும் முன்னால் நின்றது அதே இயந்திரம்தான். அப்படிப்பட்ட இயந்திரம் திடீரென்று சோர்ந்துபோவதுண்டு. எஞ்சின் ஓடும், எண்ணெய் நிறைந்திருக்கும், ஆனால் கை மட்டும் மெல்ல எழும். திரையில் ஓர் எச்சரிக்கை வந்திருக்கும்: பம்ப் அழுத்த உணரி, வோல்ட்டேஜ் அதிகம். உணரியில் கோளாறு என்று புதிது வாங்கி மாட்டுவார்கள், எச்சரிக்கை அசையாது. கடைசியில் வயர்க்கட்டைப் பிரித்துப் பார்த்தால் எலி கடித்து ஒரு வயர் அறுந்திருக்கும். வயர் அறுந்தால் மின்சாரம் வராது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். வராத மின்சாரத்தை ‘அதிகம்’ என்று இயந்திரம் ஏன் சொல்லவேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், எதைச் சோதித்தால் உண்மை வெளிப்படும், எதைச் சோதிப்பது வீண் என்பதும் கூடவே தெளிவாகிவிடும்.

முதலில் உணரிக்குள் நடப்பதைப் பார்ப்போம். 20 டன் வகை மண்வாரியின் முதன்மைக் குழாய்களில் எண்ணெயின் அழுத்தம் 350 பார் வரை ஏறுகிறது. கார் டயரில் நாம் அடைக்கும் காற்று இரண்டு, இரண்டரை பார்தான். அந்த எண்ணெய், உணரியின் அடியில் உள்ள மெல்லிய தகடு ஒன்றை முட்டித் தள்ளுகிறது. தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன் முதுகில் பதித்திருக்கும் நான்கு மின்தடைகளில் சில நீள்கின்றன, சில குறுகுகின்றன. இழுபட்ட உலோகத்தின் மின்தடை மாறும் என்பதை இரும்பிலும் செம்பிலும் அளந்து 1856இல் சொன்னவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர். சிலிக்கனிலும் ஜெர்மானியத்திலும் இந்த மாற்றம் உலோகங்களில் இருப்பதைவிடப் பன்மடங்கு பெரிது என்று பெல் ஆய்வுக்கூடத்தின் சார்ல்ஸ் ஸ்மித் 1954இல் கண்டறிந்தார். கைக்கடக்கமான அழுத்த உணரிகள் பெருகியதற்கு அந்தக் கண்டுபிடிப்பு வழிவிட்டது. நான்கு தடைகளையும் இணைத்து மிக நுண்ணிய வேறுபாட்டைப் பிடிக்கும் பாலச் சுற்று இன்னும் பழையது. 1833இல் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி வகுத்த அதை 1843இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் பரவலாக்கினார். பெயரும் அவருடையதாகவே நிலைத்துவிட்டது. பாலத்திலிருந்து வருவது வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். உணரிக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு சில்லு அதைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது.

இப்படிப்பட்ட உணரியில் வழக்கமாக மூன்று வயர்கள் இருக்கும். மண்வாரியின் பேட்டரி 24 வோல்ட் என்றாலும், கட்டுப்பாட்டுக் கணினி அதிலிருந்து சீரான 5 வோல்ட்டைத் தயாரித்து ஒரு வயரில் அனுப்புகிறது. இரண்டாவது வயர் அந்த மின்சாரம் கணினிக்குத் திரும்பும் வழி. மூன்றாவது, செய்தி வயர். அழுத்தம் எவ்வளவு என்பதை வோல்ட்டாகச் சொல்வது அதுதான். பரவலாக இருக்கும் ஏற்பாட்டில் அழுத்தமே இல்லாதபோது 0.5 வோல்ட், முழு அளவில் 4.5 வோல்ட். 500 பார் வரை அளக்கும் உணரி என்றால் ஒரு வோல்ட் ஏறினால் 125 பார் ஏறியதாகப் பொருள். சுழிய அழுத்தத்துக்குச் சுழிய வோல்ட் என்று வைத்திருந்தால் கணக்கு எளிதாக இருந்திருக்குமே, அரை வோல்ட்டை ஏன் வீணாக்கினார்கள்? தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, முந்திய நாள் ஒரு குலைகூட வெட்டாதவரும் தன் பெயருக்குக் குரல் கொடுத்தாகவேண்டும். குரல் வராவிட்டால் குலை இல்லை என்று கிராணியார் எழுதமாட்டார், ஆளே வரவில்லை என்றுதான் எழுதுவார். அந்த 0.5 வோல்ட் உணரியின் குரல். ‘என்னிடம் அழுத்தம் இல்லை, ஆனால் நான் இருக்கிறேன்’ என்று அது சொல்கிறது. இதை உயிருள்ள சுழியம் எனலாம். மண்வாரி பிறப்பித்த யோசனை அல்ல இது. தொழிற்சாலைகளில் காற்றழுத்தத்தால் கருவிகளை இயக்கிய காலத்திலேயே 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை என்று வைத்திருந்தார்கள். மின்சாரத்துக்கு மாறியபின் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் ஆனது. இரண்டிலும் அடிமட்டம் சுழியம் இல்லை. 4.5க்கு மேலே விட்டிருக்கும் இடைவெளிக்கும் காரணம் அதுவே. இரண்டு ஓரங்களிலும் உணரி ஒருபோதும் தானாகப் பேசாத ஒரு பகுதி இருக்கிறது. அங்கிருந்து ஒரு எண் வந்தால், அது எண்ணெயைப் பற்றிய செய்தியாக இருக்க முடியாது.

இனி அறுந்த வயருக்கு வருவோம். அறுந்த வயரின் கணினிப் பக்கத்து முனை எதனோடும் சேராமல் தொங்கினால், அதில் என்ன வோல்ட் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கத்து வயர்களின் இரைச்சலைப் பிடித்துக்கொண்டு அது 2 வோல்ட் காட்டலாம், 3 வோல்ட்டும் காட்டலாம். கணினி அதை உண்மையான அழுத்தம் என்று நம்பிவிட்டால் ஆபத்து. ஆகவே பல வடிவமைப்புகளில் செய்தி வயரைக் கணினிக்குள்ளேயே பெரிய மின்தடை ஒன்றின் வழியாக 5 வோல்ட்டோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். மேலிழுப்புத் தடை என்று இதைச் சொல்லலாம். அதன் இழுப்பு பலவீனமானது. உணரி உயிரோடு இணைந்திருக்கும்வரை உணரியின் வலுவே வெல்லும், மேலிழுப்பு இருப்பதே தெரியாது. வயர் அறுந்த கணத்தில் எதிர்ப்பார் இல்லாததால் வோல்ட் உடனடியாக 5க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. ஆக, ‘வோல்ட்டேஜ் அதிகம்’ என்ற எச்சரிக்கையில் உணரியின் பேச்சு எதுவுமே இல்லை. உணரி பேசாததால் கணினி தன் சொந்த 5 வோல்ட்டைத் தானே பார்க்கிறது. சில தயாரிப்பாளர்கள் இதையே தலைகீழாக்கிக் கீழே இழுக்கும் தடையை வைப்பதும் உண்டு. அங்கே அறுந்த வயர் குறைந்த வோல்ட்டைக் காட்டும். எனவே கையில் அந்த இயந்திரத்துக்குரிய மின்சுற்று வரைபடம் இல்லாமல் எச்சரிக்கையைப் படிப்பது பாதி படிப்புதான்.

கனரக வாகனங்கள் பரவலாகப் பின்பற்றும் எஸ்.ஏ.இ. ஜே1939 என்ற நெறி, பழுதுக் குறியீட்டை இரண்டு எண்களாகப் பிரிக்கிறது. முதல் எண் எந்த அளவீடு என்பதைச் சொல்லும், இரண்டாவது எண் எந்த வகையில் தவறியது என்பதைச் சொல்லும். இரண்டாவது எண் 3 என்றால் வோல்ட் வரம்புக்கு மேல், 4 என்றால் வரம்புக்குக் கீழ், 2 என்றால் நிலைகொள்ளாமல் தாவுகிறது, 0 என்றால் செய்தி நம்பத்தக்கதே, ஆனால் அழுத்தம் உண்மையிலேயே அபாயமான உயரத்தில் இருக்கிறது. 3க்கும் 0க்கும் இடையில் உள்ள வேறுபாட்டை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்று வயரைப் பற்றிய சந்தேகம், மற்றொன்று எண்ணெயைப் பற்றிய எச்சரிக்கை. இரண்டும் திரையில் ஒரே உணரியின் பெயரோடு வருவதால் ஒன்றாகத் தோன்றுகின்றன. பெயர் வந்த உடனே அந்தப் பொருளைக் குற்றவாளியாக்குவதில்தான் தவறு ஆரம்பிக்கிறது. கணினியால் உணரியைப் பார்க்க முடியாது, வயரையும் பார்க்க முடியாது. தன் வாசலில் ஒரு பின்னில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்தப் பின்னுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் உணரி, கனெக்டர், வயர்க்கட்டு, கணினியின் சொந்தச் சுற்று எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

எப்படிப் பிரித்தறிவது? பெரிய தயாரிப்பாளர்களின் பழுதுபார்ப்புக் கையேடுகள் சொல்லும் வழி எளிமையானது, அதே சமயம் அறிவியலின் சாரமே அதில் இருக்கிறது. சாவியைத் திருப்பி எஞ்சினை ஓட்டாமல் வைத்துக்கொண்டு உணரியின் கனெக்டரைக் கழற்றுகிறார்கள். கழற்றுவது என்றால் வயரை நாமே அறுப்பதற்குச் சமம். மேலிழுப்பு உள்ள சுற்றில் இப்போது கணினி 5 வோல்ட்டைக் காணவேண்டும். அதுவரை இருந்த குறியீடு 4, அதாவது வோல்ட் குறைவு என்றால், அது இப்போது 3ஆக மாறவேண்டும். மாறினால் வயர்க்கட்டிலும் கணினியிலும் குறுக்குச்சுற்று இல்லை. உணரிதான் செய்தி வயரைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. மாறாமல் 4லேயே நின்றால், உணரி கழன்ற பிறகும் யாரோ வயரைக் கீழே இழுக்கிறார்கள். உரசித் தோல் உரிந்த வயர் இயந்திரத்தின் உடம்பில் படுகிறது என்று தேடவேண்டியதுதான். ஆனால் குறியீடு முதலிலேயே 3ஆக இருந்தால் இந்தச் சோதனை பயனற்றது. உணரி கெட்டிருந்தாலும் கழற்றியபின் 3, வயர் அறுந்திருந்தாலும் கழற்றியபின் 3. இரண்டு சந்தேகங்களுக்கும் ஒரே விடை தரும் சோதனையிலிருந்து ஒன்றையும் கற்க முடியாது. அப்போது எதிர்த் திசையில் போகவேண்டும்: கழற்றிய கனெக்டரின் வயர்ப் பக்கத்தில், கையேடு சொல்லும் முறைப்படி, செய்தி வயரையும் திரும்பும் வயரையும் ஒரு சிறு இணைப்பு வயரால் சேர்க்கிறார்கள். குறியீடு 3லிருந்து 4க்கு இறங்கினால் இரண்டு வயர்களும் முழுசாக இருக்கின்றன, கணினியும் கேட்கிறது. குறை உணரியிலோ அதற்கு வரும் 5 வோல்ட்டிலோ இருக்கலாம். இறங்காவிட்டால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது கணினியின் சொந்தச் சுற்றில் குறை. என் வாதத்தின் மையம் இதுதான். பழுதைக் கண்டுபிடிப்பது என்பது, இரண்டு சந்தேகங்களில் எது உண்மையோ அதற்கேற்ப வேறு வேறு விடை வரக்கூடிய ஒரு சோதனையைத் தேர்ந்தெடுப்பது. எந்தப் பொருளைக் கையில் எடுக்கிறோம் என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

5 வோல்ட்டை அளப்பதிலும் இதே கவனம் வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையை இயந்திரத்தின் உடம்பில் வைத்து, சிவப்பு முனையை 5 வோல்ட் பின்னில் வைத்தால் 5 காட்டும். சரி என்று தோன்றும். ஆனால் திரும்பும் வயர் அறுந்திருந்தாலும் அந்த அளவீடு 5தான் காட்டும், ஏனென்றால் நாம் அந்த வயரைச் சோதிக்கவே இல்லை. கறுப்பு முனை கனெக்டரிலுள்ள திரும்பும் வயரின் பின்னில்தான் இருக்கவேண்டும். இன்னொன்று: பல உணரிகள் ஒரே 5 வோல்ட் வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஒன்று உள்ளே குறுக்குச்சுற்றானால் மொத்த வழியும் சரிந்து, ஒரே நேரத்தில் நான்கைந்து உணரிகளின் பெயர் திரையில் வரும். நான்கைந்து உணரிகள் ஒரே நாளில் சாகும் என்று நம்புவதைவிட, அவை பொதுவாக எதைச் சார்ந்திருக்கின்றன என்று கேட்பதே அறிவு. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றும்போது மற்றவை உயிர்பெறுகின்றனவோ அதன் பக்கம்தான் குற்றம்.

இவ்வளவு எதற்கு, உணரியை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பார்கள். மறுநடவுக் குத்தகையில் இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு மணியும் நட்டம். உணரியின் விலை அதற்கு முன் சிறியது. இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன், உணரிகள் உண்மையிலேயே சாகின்றன. ஆனால் மாற்றிப் பார்ப்பதை ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. உணரியை மாற்றுகிறவர் கனெக்டரையும் கழற்றி மாட்டுகிறார். ஆக, ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள். கனெக்டரின் பின்கள் பெரும்பாலும் வெள்ளீயப் பூச்சு உடையவை. எஞ்சினின் அதிர்வில் பின்னும் அதன் கூடும் மைக்ரோமீட்டர் கணக்கில் ஓயாமல் உரசிக்கொள்கின்றன. ஒவ்வோர் உரசலிலும் புது வெள்ளீயம் வெளிப்பட்டுக் காற்றில் ஆக்சைடாகிறது. நாளடைவில் தொடும் இடத்தில் மின்சாரத்தைத் தடுக்கும் கருந்துகள் சேர்கிறது. உரசல் அரிப்பு என்று இதைச் சொல்லலாம். ஒருமுறை கழற்றி மாட்டினால் அந்தத் துகள் வழிக்கப்பட்டு உலோகம் உலோகத்தைத் தொடுகிறது, எச்சரிக்கை மறைகிறது. புது உணரிக்குப் பெயர் கிடைக்கிறது, நல்ல பழைய உணரி குப்பைக்குப் போகிறது. சில வாரங்களில் அதே எச்சரிக்கை திரும்பும்போது ‘டூப்ளிகேட் சாமான்’ என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

இன்னொரு மறுப்பு, மீட்டரை நம்புகிறவர்களிடமிருந்து வரும்: வயரின் இரு முனைக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தோம், பீப் சத்தம் வந்தது, வயர் நல்ல வயர். நின்றுகொண்டிருக்கும் குளிர்ந்த இயந்திரத்தில், அந்தக் கணத்தில் வயர் நல்லது என்பது மட்டுமே அந்தச் சத்தத்துக்குப் பொருள். கை எழும்போது இழுபடும் வயர், எஞ்சின் சூட்டில் தளரும் கூடு, மழைநீர் புகுந்து பச்சை பூத்த கனெக்டர் பின் எல்லாம் ஓட்டத்தில்தான் தவறும். ஆண்டு முடிவில் வடகிழக்குப் பருவமழை ஜொகூரை நனைக்கும் மாதங்களில், கனெக்டரின் ரப்பர் வளையம் ஒன்று பிசகினாலும் ஈரம் உள்ளே போய்விடும். தோட்டத்தில் எலிக்கும் குறைவில்லை. செம்பனைக் குலைகளைத் தின்னும் எலிகளைப் பிடிக்கவென்றே மலேசியத் தோட்டங்களில் கூட்டுப்பெட்டி வைத்துக் கூகைகளை வளர்க்கிறார்கள். எலியின் பல் வயரை முழுவதும் அறுத்துவிட்டால் தேடுவது எளிது. தோலை மட்டும் கடித்துவிட்டுப் போனால் மழை பெய்யும் நாளில் மட்டும் பழுது வரும். இதற்கு வழி, சாவி போட்ட நிலையில் அந்த உணரியின் அளவைத் திரையில் வைத்துக்கொண்டு, வயர்க்கட்டை ஒரு முனையிலிருந்து சாண் சாணாக அசைத்துக்கொண்டு போவது. எந்த இடத்தில் அசைக்கும்போது எண் துள்ளுகிறதோ அங்கே நிறுத்தி, கட்டைப் பிரிக்கவேண்டும்.

இவற்றைவிடக் கனமான ஒரு மறுப்பும் இருக்கிறது. ஓரங்களில் வந்த வோல்ட்டைத்தானே கணினி பிடிக்கும். நடுவில் இருந்துகொண்டே பொய் சொல்லும் உணரியை என்ன செய்வது? உண்மைதான், உயிருள்ள சுழியம் இதில் முழுப் பாதுகாப்பு தராது. திரும்பும் வயரின் பாதையில் ஒரு பின் அரித்து 10 ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உணரி எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்றால் அங்கே 0.1 வோல்ட் தங்கிவிடும். 500 பார் உணரியில் அது ஏறத்தாழ 12 பார் பிழை. எந்தக் குறியீடும் வராது. ஆனாலும் அதே 0.5 வோல்ட் இங்கும் கைகொடுக்கிறது. எஞ்சினை நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, நெம்புகோல்களை நான்கு பக்கமும் அசைத்து, தொட்டியில் மிஞ்சிய அழுத்தத்தையும் வெளியேற்றிவிட்டால், உண்மையான விடை எதுவென்று நமக்கு முன்கூட்டியே தெரியும்: சுழியம். உணரி 0.5க்கு அருகில் நிற்காமல் 0.6 என்று நின்றால், குறியீடு இல்லாவிட்டாலும் அதை நம்பக்கூடாது. அழுத்தம் ஏறிய நிலையில் சரிபார்க்கவேண்டும் என்றால், சோதனைத் துளையில் முள் சுழலும் சாதாரண அழுத்தமானியைப் பொருத்தி இரண்டையும் ஒப்பிடலாம். மின்சாரமே இல்லாத அந்தக் கருவிக்கு, வயராலும் கனெக்டராலும் வரும் பிழை வராது. இரண்டு அளவுகள் ஒத்துப்போனால் அந்த ஒப்புதலுக்கு மதிப்பு இருக்கும்.

இவ்வளவும் பார்த்து, உணரிதான் கெட்டது என்ற முடிவுக்கு வந்தாலும் உடனே ஸ்பேனரை எடுக்கவேண்டியதில்லை. குழாயிலிருந்து உணரியைக் கழற்றினால் அழுத்தம் மிஞ்சியிருக்கும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கக்கூடும். தூசி உள்ளே போனால் பம்புக்கும் வால்வுக்கும் கேடு. புது உணரியைக் குழாயில் திருகாமல், எஞ்சின் நின்ற நிலையில், கனெக்டரில் மட்டும் செருகித் தொங்கவிட்டுப் பார்க்கலாம். திறந்த காற்றில் இருக்கும் அது 0.5 வோல்ட் காட்டவேண்டும், குறியீடு போகவேண்டும். போய்விட்டதா? இப்போது புதியதைக் கழற்றி, குழாயிலேயே இருக்கும் பழைய உணரிக்குக் கனெக்டரைத் திரும்ப மாட்டவேண்டும். குறியீடு மீண்டும் வந்தால் பழைய உணரியின் குற்றம் நிரூபணமானது. அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு மாற்றலாம். வராவிட்டால் கோளாறு கனெக்டரில் இருந்தது; புது உணரியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, பின்களைச் சுத்தம் செய்து, தளர்ந்த கூட்டையும் ரப்பர் வளையத்தையும் மாற்றவேண்டும்.